பட்டியலில் பெயர், பெட்டியில் சீட்டு: சிங்கப்பூரில் வாக்களிப்புக்கு வீட்டைத் தயார் செய்வது எப்படி

சிங்கப்பூரில் 1959ஆம் ஆண்டிலிருந்து வாக்களிப்பது கட்டாயம். அதனால் மக்களை வாக்களிக்க வைப்பதற்கு இங்கே தனியாக மெனக்கெட வேண்டாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 2020 பொதுத் தேர்தலில் வாக்களித்தவர்கள் 95.81 விழுக்காடு. மீதி நான்கு விழுக்காடு சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் ஏறக்குறைய 2.65 மில்லியன் வாக்காளர்களில் அது 100,000க்கும் மேற்பட்ட மனிதர்கள். மருத்துவமனையில் படுத்திருப்பவர், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் மாட்டிக்கொண்டவர், வெளிநாட்டில் இருந்தபடி வாக்களிக்கப் பதிவு செய்ய மறந்தவர், அடையாள அட்டையில் பழைய முகவரியோடு தீவின் மறுகோடியில் குடியிருப்பவர் என்று யார் வேண்டுமானாலும் அதில் சேர்ந்துவிடலாம். முந்தைய தேர்தலைத் தவறவிட்டுப் பெயர் நீக்கப்பட்டவர்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

இவர்களுடைய வாக்கு கைநழுவுவது பெரும்பாலும் வாக்களிப்பு நாளில் அல்ல, அதற்குப் பல மாதங்களுக்கு முன்பு. ஆகவே வேலையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் பெயர்

சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்து, 21 வயது நிரம்பி, சட்டப்படி தகுதி இழக்காதவராக இருந்தால் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேரும். யாரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. புதிதாகக் குடியுரிமை பெற்றவருக்கும் அப்படித்தான். தானாகச் சேரும் என்பதாலேயே பலர் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. பெயர் சேர்வதைப் போலவே தானாக நீங்கவும் செய்யும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

தேர்தல் துறையின் இணையத்தளத்தில் சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளம்) வழியாக உள்ளே சென்றால், பெயர் இருக்கிறதா, எந்தத் தொகுதி என்ற இரண்டும் தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை. பட்டியலைத் திருத்திப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் நாள்களில் சமூக மன்றங்களிலும் பார்க்கலாம். சிங்பாஸ் பழக்கமில்லாத பெரியவர்களுக்கு இதுதான் வசதி. வெளிநாட்டில் இருப்பவர்கள் சிங்கப்பூர்த் தூதரகங்களிலும் பார்க்கலாம்.

ஒரு தேர்தலில் வாக்களிக்காமல் விட்டால் அடுத்து நடப்பது இது: பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். திரும்பச் சேர்க்கும் வரை பொதுத் தேர்தலிலும் அதிபர் தேர்தலிலும் வாக்களிக்க முடியாது, வேட்பாளராக நிற்கவும் முடியாது. திரும்பச் சேர்ப்பது கடினமல்ல. தேர்தல் துறையின் இணையத்தளத்திலேயே விண்ணப்பித்து, ஏன் வாக்களிக்கவில்லை என்ற காரணத்தைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் வேலை, படிப்பு, வெளிநாட்டில் பணிபுரியும் துணையோடு வசிப்பது, வெளியூர்ப் பயணம், உடல்நலக் குறைவு, பிரசவம் போன்றவை ஏற்றுக்கொள்ளப்படும் காரணங்கள். அப்படிப்பட்ட காரணம் இருந்தால் கட்டணம் இல்லை. காரணம் இல்லையென்றால் 50 வெள்ளி.

தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. முதலாவது காலம். தேர்தலை நடத்தச் சொல்லும் அதிகாரபூர்வ ஆணையான தேர்தல் ஆணை வெளியாகிவிட்டால், அந்தத் தேர்தல் முடியும் வரை பெயரைத் திரும்பச் சேர்க்க முடியாது. 2025இல் ஆணை ஏப்ரல் 15 அன்று வெளியானது, வேட்புமனு தாக்கல் ஏப்ரல் 23, வாக்களிப்பு மே 3. மொத்தம் பதினெட்டு நாள்கள். தேர்தல் அறிவிப்பைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத் தளத்துக்கு ஓடியவருக்குக் கதவு அப்போதே அடைபட்டிருக்கும். இரண்டாவது ஆதாரம். மருத்துவமனையில் இருந்ததற்கான கடிதம், விமானச் சீட்டு, வெளிநாட்டு வேலைக்கான ஒப்பந்தம் எதுவானாலும் அன்றைக்கே ஒரு படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். மூன்று ஆண்டுகள் கழித்துத் தேடினால் கிடைக்காது. பெயர் நீங்கியதாகக் கடிதம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். வீட்டில் வாக்களிக்கத் தவறியவர் யாராவது இருந்தால், இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். 2025 பொதுத் தேர்தலைத் தவறவிட்டவர்களுக்கு அடுத்ததாக வரக்கூடியது அதிபர் தேர்தலாகவே இருக்கலாம். இப்போதைய அதிபர் தர்மன் சண்முகரத்னத்தின் ஆறாண்டுத் தவணை 2023 செப்டம்பரில் தொடங்கியது.

முகவரி, வயது, எல்லை

நீங்கள் எந்தத் தொகுதியில் வாக்களிப்பீர்கள் என்பதை முடிவு செய்வது அடையாள அட்டையில் பதிவான முகவரி. வீடு மாறினால் 28 நாள்களுக்குள் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். பொங்கோலில் புது வீட்டுக்குக் குடிபோன இளம் தம்பதியர் அட்டையில் இன்னும் பெற்றோரின் ஜூரோங் வீட்டு முகவரியை வைத்திருப்பது சாதாரணமாக நடக்கிறது. வாக்களிப்பு நாளில் அவர்கள் ஜூரோங் போக வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமாக, தங்கள் பேட்டையைப் பராமரிக்கும் நகர மன்றத்தை யார் நடத்துவார்கள் என்பதில் அவர்களுக்குக் குரல் இருக்காது.

பட்டியல் ஒரு குறிப்பிட்ட நாளின் நிலவரப்படி எடுக்கப்படுகிறது. 2025 தேர்தலுக்கு அந்த நாள் பிப்ரவரி 1. அதன் பிறகு 21 வயதை எட்டியவரின் பெயர் அந்தப் பட்டியலில் இராது. அதன் பிறகு முகவரி மாற்றியவர் பழைய தொகுதியிலேயே வாக்களிக்க வேண்டும். மார்ச் மாதம் 21 வயதான பிள்ளைக்கு மே மாதம் ஏன் வாக்காளர் அட்டை வரவில்லை என்று பதறும் பெற்றோருக்கு இதுதான் பதில்.

நீங்கள் அசையாமல் இருந்தாலும் தொகுதி உங்களை விட்டு நகரக்கூடும். தேர்தலுக்கு முன்பு தொகுதி எல்லை மறுஆய்வுக் குழு எல்லைகளை மாற்றி வரையலாம். 2025இல் அந்த அறிக்கை மார்ச் 11 அன்று வெளிவந்தது. முந்தைய முறை எந்தத் தொகுதி என்பதை நினைவிலிருந்து சொல்லாதீர்கள், ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

அட்டை வந்தபின்

வேட்புமனு தாக்கல் நாளன்று ஒரு தொகுதியில் போட்டி இல்லையென்றால் அங்கே வாக்களிப்பே கிடையாது. 2025இல் மரின் பரேட்–பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதியில் (வேட்பாளர்கள் பலர் ஒரே குழுவாக நிற்கும் தொகுதி) அப்படித்தான் நடந்தது. போட்டி உள்ள தொகுதியினருக்கு வாக்காளர் அட்டை வரும். சிங்பாஸ் செயலியில் மின்னட்டையாகவும் கிடைக்கும்.

அட்டையில் பார்க்க வேண்டியது வாக்களிப்பு நிலையத்தின் முகவரி. உங்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலையத்தில் மட்டுமே வாக்களிக்க முடியும். போன முறை தொடக்கப்பள்ளியாக இருந்தது இந்த முறை பக்கத்துப் புளோக்கின் கீழ்த்தளமாக இருக்கலாம். ஒரே வீட்டில் இருப்பவர்களாக இருந்தாலும், முகவரிப் பதிவு வேறாக இருந்தால் நிலையமும் வேறாகும். ஆகவே வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் ஒன்றாக வைத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கைபேசியில் இருக்கும் அட்டையைக் காட்ட நினைப்பவர்கள் செயலியைத் திறந்து நேரடியாகக் காட்ட வேண்டும். திரையைப் படமெடுத்து வைத்திருப்பது செல்லாது. மின்கலம் தீர்ந்துபோவதும், மறைச்சொல் மறந்து செயலி பூட்டிக்கொள்வதும் வரிசையின் முனையில்தான் நடக்கும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு எங்கள் ஆலோசனை ஒன்றுதான்: அசல் அடையாள அட்டையையும் தாளில் வந்த வாக்காளர் அட்டையையும் முந்தின இரவே ஒரே பையில் போட்டு வைத்துவிடுங்கள்.

எத்தனை மணிக்குப் போவது

நிலையங்கள் காலை 8 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்கு மூடும். கூட்டம் காலையில்தான். வெயிலுக்கு முன் போய்விட்டு வரலாம் என்று எல்லாருமே நினைப்பதால் அந்த நேரத்தில் வரிசை நீளும், பிற்பகலில் குறையும். தேர்தல் துறை வாக்களிப்பு நாளன்று ஒவ்வொரு நிலையத்தின் வரிசை நிலவரத்தையும் இணையத்தில் காட்டுகிறது. வீட்டிலிருந்து கிளம்பும் முன் அதைப் பாருங்கள்.

வரிசை நீண்டால் என்ன ஆகும் என்பதற்கு 2020 நல்ல பாடம். கொவிட்-19 காரணமாக ஒவ்வொருவரும் கையுறை அணிய வேண்டும் என்ற விதி காலையில் வரிசைகளைத் தேங்க வைத்தது. பிறகு அந்த விதியைக் கைவிட்டார்கள். கடைசியில் வாக்களிப்பு நேரமும் இரவு 10 மணி வரை நீட்டிக்கப்பட்டது. அப்படிப்பட்ட நீட்டிப்பை நம்பி யாரும் இரவு ஏழே முக்காலுக்குக் கிளம்பக் கூடாது.

வாக்களிப்பு நாள் பொது விடுமுறை. ஆனால் சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக் கடைக்கும் தேக்கா சந்தைக்கும் அன்றுதான் வியாபாரம் அதிகம். பாதுகாவலர்கள், துப்புரவாளர்கள், தாதியர், பேருந்து ஓட்டுநர்கள் ஆகியோருக்கும் வேலை இருக்கும். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை ஷிஃப்ட் பார்க்கும் பாதுகாவலருக்கு வாக்களிப்பு நேரம் முழுவதும் வேலை நேரமாகவே போய்விடும். சட்டம் இதைத் தெளிவாகக் கையாள்கிறது: ஊழியர் வாக்களித்துவிட்டு வர முதலாளி நியாயமான நேரம் கொடுக்க வேண்டும், அதற்காகச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது.

முதலாளிகளும் மேற்பார்வையாளர்களும் ஒரு வாரம் முன்பே தாளில் எழுதி முடிவு செய்தால் சிக்கல் வராது. ஊழியர்களில் குடிமக்கள் யார் என்று பட்டியலிடுங்கள். ஒவ்வொருவரின் நிலையமும் கடையிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். உட்லண்ட்ஸில் வாக்களிப்பவருக்குத் தேக்காவிலிருந்து போய்வர இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும். அவரை மதியக் கூட்டம் ஓய்ந்தபின் மூன்று மணிக்கு அனுப்புங்கள். அருகில் இருப்பவர் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுவார். வாக்குரிமை இல்லாத சக ஊழியர்கள் அந்த இடைவெளியை நிரப்பலாம். "யாருக்கு எப்போது வசதியோ போங்கள்" என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிட்டால், கேட்கத் தயங்கும் ஊழியர் போகவே மாட்டார்.

நடக்க முடியாதவர், பார்வை குறைந்தவர்

சக்கர நாற்காலியில் வருவோருக்கும் முதியவர்களுக்கும் நிலையங்களில் முன்னுரிமை வரிசை உண்டு. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே குறியிடத் தாழ்வான சாவடி இருக்கும். பார்வையற்றவர் தொட்டுணர்ந்து குறியிட ஓர் அச்சுத்தகடு தருவார்கள். அதை வாக்குச்சீட்டின் மேல் வைத்து, உரிய இடத்தில் தாமே குறியிடலாம்.

மகனோ மகளோ உதவிக்குச் சாவடிக்குள் போக முடியாது. தானாகக் குறியிட இயலாதவருக்கு உதவ இரகசியக் காப்பு உறுதிமொழி எடுத்த தேர்தல் அதிகாரிக்கு மட்டுமே அனுமதி உண்டு. இது வீட்டில் முன்கூட்டியே பேசப்பட வேண்டிய விஷயம். பாட்டி கடைசி நொடியில் பிள்ளையைக் காணாமல் பதறக்கூடும். "வாசல் வரை நான் வருவேன், உள்ளே ஓர் அதிகாரி உதவுவார், நீங்கள் சொல்வதை அவர் வெளியே சொல்லக் கூடாது என்று சட்டம் இருக்கிறது" என்று நாலைந்து நாள் முன்பே சொல்லி வையுங்கள். கைபிடித்து அழைத்துப் போவதைவிட இந்த ஒரு பேச்சு பெரிய உதவி.

தாதிமை இல்லங்களில் இருப்போருக்காகச் சில இல்லங்களிலேயே வாக்களிப்பு நிலையம் அமைக்கும் முறை 2023 அதிபர் தேர்தலில் தொடங்கியது. உங்கள் குடும்பத்தினர் இருக்கும் இல்லத்தில் அந்த வசதி உண்டா என்று நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாவடிக்குள்

உள்ளே நடப்பவை இவ்வளவுதான்:

1. அடையாள அட்டையையும் வாக்காளர் அட்டையையும் காட்டுங்கள். அதிகாரி மின்கருவியில் வருடிப் பதிவு செய்வார்.
2. வாக்குச்சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள். அதில் வேட்பாளர்களின் பெயர், படம், கட்சிச் சின்னம் இருக்கும்.
3. சாவடியில், நீங்கள் தேர்ந்தெடுக்கும் வேட்பாளருக்கு அல்லது குழுவுக்கு எதிரே உள்ள கட்டத்தில் ஒரே ஒரு பெருக்கல் குறி இடுங்கள்.
4. மடித்து, பெட்டியில் போடுங்கள்.

குழுத்தொகுதியில் நான்கு அல்லது ஐந்து பேரின் படங்கள் ஒரே வரிசையில் இருக்கும். நாம் வாக்களிப்பது அந்தக் குழு முழுவதற்கும். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு குறி வேண்டும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு குழுவில் ஒருவர், மற்றக் குழுவில் இன்னொருவர் என்று பொறுக்கி எடுக்கவும் முடியாது. இரண்டு கட்டங்களில் குறி விழுந்தால் அந்த வாக்கு செல்லாது.

சாவடியில் வைத்திருப்பது மை ஊறிய முத்திரைப் பேனா. அதன் நுனியிலேயே பெருக்கல் குறி இருக்கும். எழுதுகோல் போலச் சாய்த்துப் பிடித்து எழுத முயன்றால் பாதிக் குறிதான் விழும். நேராகப் பிடித்து, கட்டத்தின் நடுவில் வைத்து, ஒரு நொடி அழுத்தி எடுங்கள். மங்கலாக விழுந்தால் அதே கட்டத்துக்குள் இன்னொரு முறை அழுத்தலாம். உடனே மடிக்காமல் மை உலர ஓரிரு நொடி விடுங்கள், எதிர்ப்பக்கத்தில் ஒட்டாது. சொந்தப் பேனாவைக் கொண்டுபோய்க் குறியிடவும் அனுமதி உண்டு. கை நடுக்கம் உள்ளவர்களுக்கு முத்திரைப் பேனாதான் எளிது.

பெருக்கல் குறிக்குப் பதிலாகச் 'சரி' குறி போட்டுவிட்டால் எல்லாம் போய்விட்டது என்றில்லை. யாருக்கு வாக்களிக்க எண்ணினார் என்பது தெளிவாக இருந்தால் அதிகாரி ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் சீட்டில் பெயர், கையெழுத்து, அடையாள அட்டை எண் என்று வாக்காளரைக் காட்டிக்கொடுக்கும் எதையாவது எழுதினால் அது செல்லாத வாக்கு. வங்கிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகிய பெரியவர்கள் இங்கேயும் கை வைத்துவிடுவார்கள். எனவே "கையெழுத்து வேண்டாம்" என்பதை மட்டும் இரண்டு முறை சொல்லி அனுப்புங்கள்.

தவறுதலாக வேறு கட்டத்தில் குறி பட்டுவிட்டால் அந்தச் சீட்டைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். வெளியே வந்து அதிகாரியிடம் கொடுத்து மாற்றுச் சீட்டு கேட்கலாம். பெட்டிக்குள் விழுந்துவிட்டால் எதுவும் செய்ய முடியாது. இந்த உரிமை பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்துக் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் வேண்டாம், தயங்காமல் கேளுங்கள்.

நிலையத்துக்குள் கைபேசியில் படமோ காணொளியோ எடுக்கக் கூடாது. கட்சிச் சின்னம் உள்ள உடையோ பட்டையோ அணியக் கூடாது. வாக்களித்தபின் நிலையத்தைச் சுற்றி 200 மீட்டருக்குள் கூடி நின்று பேச வேண்டாம், சட்டம் அதற்கு இடம் தரவில்லை. குடும்பத்தோடு படம் எடுக்க ஆசைப்பட்டால் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

"சீட்டில் எண் இருக்கிறதே?"

தயக்கம் எதுவானாலும் அதன் அடியில் பெரும்பாலும் இந்தக் கேள்வி இருக்கும். வாக்குச்சீட்டில் வரிசை எண் இருக்கிறது. "நான் யாருக்குப் போட்டேன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடோ மகனின் அரசாங்க வேலையோ பாதிக்கும்" என்று தாழ்ந்த குரலில் சொல்லும் தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. "அதெல்லாம் இல்லை" என்று ஒரே வரியில் தட்டிவிட்டால் அச்சம் போகாது. நடைமுறையை எடுத்துச் சொன்னால்தான் போகும்.

எண் இருப்பது கள்ளச்சீட்டைத் தடுக்க. கொடுத்த சீட்டுகளும் பெட்டியில் இருக்கும் சீட்டுகளும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கவும், ஒருவர் பெயரில் இன்னொருவர் வாக்களித்தால் பிடிக்கவும் அது உதவுகிறது. எண்ணும் இடத்தில் பெட்டிகளைத் திறந்து, சீட்டுகளை மேசையில் கொட்டிக் கலந்த பிறகே பிரிக்கிறார்கள். வேட்பாளர்களின் முகவர்கள் கண்ணெதிரே அது நடக்கிறது. எண்ணி முடித்ததும் சீட்டுகளும் அடிக்கட்டைகளும் முத்திரையிடப்பட்டு உச்ச நீதிமன்றப் பெட்டகத்தில் ஆறு மாதம் வைக்கப்படுகின்றன. பிறகு எரிக்கப்படுகின்றன. நடுவில் அவற்றைத் திறந்து பார்க்க நீதிமன்ற ஆணை வேண்டும். மோசடி வாக்குகள் விழுந்து, அதனால் முடிவே மாறியிருக்கக்கூடும் என்று நீதிமன்றம் கருதினால்தான் அந்த ஆணை கிடைக்கும். 1948இல் இங்கே தேர்தல்கள் தொடங்கியதிலிருந்து அப்படி ஓர் ஆணை பிறப்பிக்கப்பட்டதே இல்லை.

நீங்கள் வந்தீர்களா இல்லையா என்பது பதிவாகும், உங்கள் குறி எந்தக் கட்டத்தில் விழுந்தது என்பது பதிவாகாது. அஞ்சும் பெரியவரிடம் இந்த வேறுபாட்டைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அவர் யாருக்கு வாக்களிக்கப்போகிறார் என்று நீங்களும் கேட்காதீர்கள். வீட்டுக்குள்ளேயே இரகசியம் மதிக்கப்பட்டால் வெளியே அது காக்கப்படும் என்று நம்புவது அவருக்கு எளிதாகும்.

வெளிநாட்டில் இருந்தால்

வெளிநாட்டில் வசிக்கும் குடிமகன், பட்டியல் எடுக்கப்படும் அந்தக் குறிப்பிட்ட நாளுக்கு முந்தைய மூன்றாண்டுகளில் மொத்தம் 30 நாள்களாவது சிங்கப்பூரில் தங்கியிருந்தால் வெளிநாட்டு வாக்காளராகப் பதிவு செய்யலாம். 2025இல் வாக்களிப்பு நிலையம் இருந்த நகரங்கள் பத்து: பெய்ஜிங், கான்பரா, துபாய், ஹாங்காங், லண்டன், நியூயார்க், சான் ஃபிரான்சிஸ்கோ, ஷாங்காய், தோக்கியோ, வாஷிங்டன். சென்னையிலோ பெங்களூரிலோ ஜோகூரிலோ இருப்பவருக்கு அருகில் நிலையம் கிடையாது. அவர்கள் நாடு திரும்பி வாக்களிக்க வேண்டும், அல்லது 2023 அதிபர் தேர்தலிலிருந்து நடைமுறையில் உள்ள அஞ்சல் வாக்குக்குப் பதிவு செய்ய வேண்டும்.

பதிவுக்கான கடைசி நாள் மிக அருகில் வந்துவிடும். 2025இல் ஆணை வெளியான இரண்டாவது நாளே, அதாவது ஏப்ரல் 17 அன்றே, முடிந்துவிட்டது. ஆகவே விமானம் ஏறும் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

அஞ்சல் வாக்கில் சீட்டையும் உறையையும் தேர்தல் துறையின் தளத்திலிருந்து இறக்கி நீங்களே அச்சிட வேண்டும். உறையில் வாக்களிப்பு நாளுக்கு முந்தைய நாளாவது அஞ்சல் முத்திரை விழுந்திருக்க வேண்டும், வாக்களிப்பு நாளுக்குப் பிந்தைய பத்து நாள்களுக்குள் சிங்கப்பூர் வந்து சேர வேண்டும். தெருவோரத் தபால் பெட்டியில் போட்டால் முத்திரை எப்போது விழும் என்று சொல்ல முடியாது. அஞ்சலகத்துக்கு நேரில் சென்று, தேதி தெளிவாகத் தெரியும்படி முத்திரை குத்தச் சொல்லுங்கள். சீட்டு கிடைத்த அன்றே அனுப்பிவிடுவது நல்லது.

யார் என்ன செய்யலாம், கூடாது

நம் வீடுகளில் குடிமகனான கணவர், நிரந்தரவாசியான மனைவி, வேலை அனுமதியில் வந்திருக்கும் மைத்துனர் என்று கலந்தே இருப்போம். வாக்குரிமை குடிமக்களுக்கு மட்டுமே. குடியுரிமை இல்லாதவர்கள் பிரசாரத்திலும் ஈடுபடக் கூடாது. துண்டறிக்கை கொடுப்பதும், ஒரு கட்சிக்கு ஆதரவாக இணையத்தில் விளம்பரப் பதிவு போடுவதும் அதில் அடங்கும். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் பிரசாரத்தில் இடமில்லை. மைத்துனர் பாட்டியை வாசல் வரை அழைத்துப் போகத் தாராளமாக உதவலாம்.

வாக்களிப்புக்கு முந்தைய நாள் பிரசார ஓய்வு நாள். 2011 தேர்தலிலிருந்து இது இருக்கிறது. அன்று கட்சிகள் பிரசாரம் செய்யக் கூடாது. குடும்பத்தினர் தங்களுக்குள் கருத்தைப் பேசிக்கொள்ளத் தடை இல்லை.

2024இல் வந்த சட்டத்தின்படி, வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதாக, செய்யாததைச் செய்ததாக உண்மைபோலவே காட்டும் போலிக் காணொளிகளைத் தேர்தல் காலத்தில் இணையத்தில் பதிவிடுவதும் பரப்புவதும் குற்றம். தனிமனிதருக்கு 1,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஐயமூட்டும் காணொளி வந்தால் பரப்பாமல் வைத்திருந்து, தமிழ் முரசிலோ ஒலி 96.8 செய்தியிலோ அது வருகிறதா என்று பாருங்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்பும் முதல்முறை வாக்காளருக்கு ஒரு சிறு வழி. நாடாளுமன்ற உறுப்பினருக்கு இரண்டு பெரிய வேலைகள்: சட்டமியற்றுவது, நகர மன்றத்தை நடத்துவது. தேர்தல் அறிக்கைகளைப் படிக்கும்போது இந்த இரண்டையும் தனித்தனியே எடைபோடுங்கள். ஒவ்வொரு குழுவிலும் சிறுபான்மை இனத்தவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்ற விதியோடு குழுத்தொகுதி முறை 1988இல் வந்தது. உங்கள் தொகுதியின் குழுவில் அவர் யார், எதைப் பேசியிருக்கிறார் என்றும் தேடிப் பாருங்கள். வசந்தம் தொலைக்காட்சியில் கட்சிகளின் அரசியல் ஒலிபரப்புகள் தமிழில் வரும்.

சங்கத்தில் ஒரு பயிற்சி நடத்துவதென்றால்

தமிழ் அமைப்புகள், குடியிருப்பாளர் குழுக்கள், முன்னாள் மாணவர் சங்கங்கள் செய்யக்கூடிய பயனுள்ள வேலை இது. தேர்தல் காய்ச்சல் தொடங்குவதற்கு வெகு முன்பே நடத்துங்கள். தேர்தல் ஆணை வந்தபின் நடத்தினால் எதைச் சொன்னாலும் கட்சிச் சாயம் பூசப்படும், பெயர் சேர்ப்பு போன்றவற்றுக்குக் காலமும் கடந்திருக்கும். அரசியல்வாதிகளை அழைக்காதீர்கள். நிறங்களிலும் கவனம் தேவை, கட்சிகளை நினைவூட்டும் வண்ணத்தில் பதாகை வைக்க வேண்டாம்.

ஒரு மணி நேரம் போதும், இருபது முப்பது பேருக்கு மேல் வேண்டாம். முதல் இருபது நிமிடம் கைபேசியில் பட்டியலைப் பார்ப்பதற்கு. இரண்டு மூன்று இளையர்கள் பக்கத்தில் இருந்து சிங்பாஸ் நுழைவுக்கு உதவட்டும், ஆனால் மறைச்சொல்லை உரியவரே அழுத்த வேண்டும். பெயர் இல்லாதவர் யாராவது இருந்தால் அங்கேயே திரும்பச் சேர்க்க விண்ணப்பிக்க வைத்துவிடலாம். அதை எல்லார் முன்னும் அறிவிக்காமல் தனியே செய்யுங்கள், அது அவருக்குச் சங்கடமான விஷயம்.

அடுத்து மாதிரிச் சீட்டு. கட்சிச் சின்னங்களுக்குப் பதிலாக மல்லிகை, ரோஜா, தாமரை வேண்டாம், மாம்பழம், பலா, வாழை என்று பழங்களைப் போடுங்கள். தாமரைக்கு இந்திய அரசியலில் வேறு பொருள் இருப்பதால் பூக்களையே தவிர்ப்பது நல்லது. ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டும், பெருக்கல் குறி உள்ள ஒரு சிறு ரப்பர் முத்திரையும் கொடுத்து, அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய்க் குறியிட வையுங்கள். நேராகப் பிடித்து அழுத்தும் பழக்கம் ஒரே முறையில் கைக்கு வந்துவிடும்.

கடைசிப் பகுதிதான் கூட்டத்தைத் தட்டி எழுப்பும். முன்கூட்டியே பத்துச் சீட்டுகளைத் தயாரித்துக்கொள்ளுங்கள்: தெளிவான குறி, மங்கலான குறி, 'சரி' குறி, இரண்டு கட்டங்களில் குறி, ஒன்றுமே இல்லாதது, கோட்டில் விழுந்த குறி, கையெழுத்தோடு உள்ளது, ஓரத்தில் வாழ்த்து எழுதியது, ஒரே கட்டத்தில் இரண்டு முறை அழுத்தியது, மடிப்பில் மை ஒட்டியது. ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, செல்லுமா செல்லாதா என்று கேளுங்கள். கோட்டில் விழுந்த குறியிலும் மை ஒட்டியதிலும் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வாதிடும். வாதிட விடுங்கள், பிறகு வாக்காளரின் எண்ணம் தெளிவாகத் தெரிகிறதா என்ற கேள்வியைக் கேட்டு அவர்களையே முடிவு சொல்ல வையுங்கள். அச்சிட்ட பத்துச் சீட்டுகளையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால், வராத தாத்தா பாட்டியிடம் பேரப்பிள்ளைகள் அதே விளையாட்டை நடத்திவிடுவார்கள்.